விண்மீன் ஒளியின் தளம்: திருவானைக்காவல் முதல் காவலூர் வரை

மண்ணச்சநல்லூரிலிருந்து தெற்கே வந்து கொள்ளிடத்தைக் கடந்தால் திருவரங்கத் தீவு. அத்தீவின் கீழ்ப்பால் திருவானைக்காவல். ஐம்பூதத் தலங்களுள் நீருக்குரியது என்று போற்றப்படும் அவ்வூரில், 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தவர் சி. வி. இராமன். நீருக்குரிய தலத்தில் பிறந்தவரே பின்னாளில் கடல் நீர் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார் என்பது, அறிவியலுக்குத் தொடர்பில்லாததாயினும் மனத்துக்கு உவப்பான தற்செயல்.

இராமன் நோபல் பரிசு பெற்ற கதையை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். நாங்கள் இங்கே சொல்ல விழைவது அக்கதையின் ஓரமாக ஓடும் வேறொரு கதை. ஒளிக்கு நிறம் உண்டு, செறிவு உண்டு. இவ்விரண்டையும் கண் அறியும். ஒளிக்கு அதிரும் தளம் என்றொரு மூன்றாம் பண்பும் உண்டு. அதனை மனிதக் கண் ஏறத்தாழ அறியாது. அந்தக் காணாப் பண்பை வானத்தின் ஒளியில் தேடியவர்களின் கதை இது. அதில் திருவானைக்காவலும் வருகிறது, கொடைக்கானலும் சவ்வாது மலைக் காவலூரும் வருகின்றன. கூடவே, இத்தகைய நோக்கலில் இறங்குவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகளும் வருகின்றன. அந்நெறிகள் யாரோ ஒருவர் உட்கார்ந்து வகுத்த சட்டங்கள் அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஏமாந்த கதையோ, ஏமாறாமல் தப்பிய கதையோ இருக்கிறது.

பெயரும் பொருளும்

தமிழகப் பாடநூல்கள் இதனைத் 'தளவிளைவு' என்கின்றன. ஈழத்துப் பாடநூல்களில் 'முனைவாக்கம்'. நாங்கள் முன்னதையே ஆள்கிறோம். பொருளை விளக்க ஒரு கயிறு போதும். கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறுநுனியைக் கையால் உதறினால் அலை ஓடும். மேலும் கீழும் உதறலாம், பக்கவாட்டில் உதறலாம், நினைத்த திசையிலெல்லாம் மாற்றி மாற்றி உதறலாம். இடையில் செங்குத்துக் கம்பிகள் கொண்ட வேலி ஒன்று இருந்தால், மேல்கீழ் அலை மட்டுமே அதனைத் தாண்டும். ஞாயிற்றின் ஒளியும் பெரும்பாலான விண்மீன்களின் ஒளியும் எல்லாத் திசைகளிலும் கலந்து அதிர்பவை. அவை எதிலேனும் பட்டுத் தெறிக்கும்போதும் சிதறும்போதும் காந்தப்புலத்தின் ஆட்சிக்கு உட்படும்போதும் ஒரு திசை மற்றவற்றைவிடச் சற்றே மிகுகிறது. அந்த மிகுதிதான் தளவிளைவு. எந்த அளவு மிகுதி என்பது ஒரு கேள்வி. எந்தத் திசையில் மிகுதி என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தால், தொலைநோக்கியில் வெறும் புள்ளியாகத் தெரியும் ஒரு விண்மீனின் வடிவத்தையும், இடையிலுள்ள வெளியின் காந்தப்புலத்தையும் அறியலாம். எட்டாத பொருளின் உருவை அதன் ஒளியிலிருந்து மீட்டெடுக்கும் வழி இது.

1808-இல் பாரிசில் எத்தியென் மாலூ என்பவர், இலக்சம்பர்க் அரண்மனையின் சாளரங்களில் பட்டுத் தெறித்த கதிரொளியைக் கால்சைட் படிகம் ஒன்றினூடே நோக்கினார். படிகத்தைச் சுழற்றியபோது அதில் தெரிந்த இரு பிம்பங்களும் மாறி மாறி ஒளி மங்கின. தெறித்த ஒளிக்குத் தளம் உண்டு என்பது அன்று தெரிந்தது. அடுத்த ஆண்டே பிரான்சுவா அரகோ நீலவானத்தின் ஒளியும் தளவிளைவுற்றது என்று கண்டார். பின்னர் அவர் தம் கருவியை ஞாயிற்றின் பக்கம் திருப்பினார். கொதிக்கும் திண்மமோ நீர்மமோ சாய்வாக வெளியிடும் ஒளியில் தளவிளைவு இருக்கும். ஞாயிற்றின் விளிம்பிலோ அது தென்படவில்லை. ஆகவே நாம் காணும் ஞாயிற்றின் மேற்பரப்பு வளிமமே என்று அவர் முடிவு கட்டினார். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒன்று திண்மமா வளிமமா என்பதற்கு, ஒரு படிகத்தைச் சுழற்றி விடை கண்ட துணிவு அது.

கப்பலில் ஒரு நிக்கோல் பட்டகம்

1921 செப்டம்பரில், இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில், 'நார்குண்டா' என்னும் கப்பலின் மேல்தளத்தில் நின்று இராமன் மத்தியதரைக் கடலைப் பார்த்தார். கடலின் நீலம் வானத்து நீலத்தின் எதிரொளிப்பே என்பது இரேலி பிரபு சொல்லிப் போன கருத்து. இராமனிடம் இருந்தது ஒரு நிக்கோல் பட்டகம். ஒரே தளத்து ஒளியை மட்டும் விடுகின்ற எளிய பொருள். நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட ஒரு சாய்கோணத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி முழுமையாகத் தளவிளைவுற்றிருக்கும். பட்டகத்தைச் சரியாகத் திருப்பினால் அத்தெறிப்பொளி அணைந்துபோகும். அவ்வாறு அணைத்த பின்னும் கடல் நீலமாகவே இருந்தது. சொல்லப்போனால் நீலம் இன்னும் கூடித் தெரிந்தது. அந்நீலம் வானத்திடம் கடன் பெற்றதன்று, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து உண்டாக்கியது என்று அவர் உணர்ந்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோது 'நேச்சர்' இதழுக்கான மடல் ஆயத்தமாக இருந்தது.

இச்சோதனையின் உள்ளமைப்பைச் சற்று உற்றுநோக்க வேண்டும். இராமன் முதலில் செய்தது புதிய ஒளியைத் தேடுவதன்று. பொய்யான ஒளியை நீக்குவது. மேற்பரப்புத் தெறிப்பு என்னும் போர்வையை அகற்றிய பின்னரே உள்ளிருப்பதைப் பற்றிப் பேசினார். ஏழாண்டுகள் கழித்து, 1928-இல், விருதுநகர்ப் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனுடன் அவர் கண்ட புதிய சிதறலிலும் இதே நெறி நின்றது. நீர்மங்களில் தென்பட்ட மங்கிய புதிய ஒளி வெறும் உடனொளிர்வாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அவ்வொளி வலுவான தளவிளைவைக் காட்டியது அந்த ஐயத்தை அகற்ற உதவிய சான்றுகளுள் ஒன்று. உடனொளிர்வு அப்படிக் காட்டும் வழக்கமில்லை.

அண்ணன் மகனின் கணிப்பு

இராமனின் தமையனார் சுப்பிரமணிய ஐயரின் மகன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930-இல் கப்பலேறியவர். 1940-களில் அவர் அமெரிக்காவின் யெர்க்கீசு வானாய்வகத்தில், விண்மீன்களின் வளிமண்டலத்தினூடே ஒளி எவ்வாறு வெளியேறுகிறது என்னும் கணக்கில் மூழ்கியிருந்தார். ஒளியின் தளத்தைக் கணக்கில் சேர்க்க அவருக்கு ஒரு மொழி தேவைப்பட்டது. அம்மொழி 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்சு எழுதிய கட்டுரை ஒன்றில் பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்தது. எந்த ஒளியையும் நான்கு எண்களால் முழுமையாகச் சொல்லிவிடலாம் என்பதே அது. சந்திரசேகர் அதனை எடுத்துத் துடைத்து வானியலின் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று தளவிளைவை அளக்கும் எவரும் அந்த நான்கு எண்களில்தான் பேசுகிறார்.

1946-இல் அவர் ஒரு கணிப்பை வெளியிட்டார். மிக வெப்பமான விண்மீன்களின் வளிமண்டலத்தில் ஒளியைச் சிதறடிப்பவை பெரும்பாலும் கட்டற்ற எலக்ட்ரான்கள். அவ்வாறாயின் வட்டத்தட்டின் நடுவிலிருந்து வரும் ஒளியில் தளவிளைவு இராது. விளிம்பை நெருங்க நெருங்க அது கூடி, விளிம்பில் 11.7 விழுக்காட்டை எட்டும். ஆனால் விண்மீன் நமக்கு ஒரு புள்ளி. விளிம்பின் எல்லாப் பக்கங்களும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு, மொத்தத்தில் எதுவும் எஞ்சாது. ஒரு வழி மட்டும் இருந்தது. இரு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி மறைக்கும் இணைகளில், ஒன்று மற்றதன் விளிம்பின் ஒரு பகுதியை மூடும் வேளையில் சமநிலை குலையும். அப்போது சிறிதளவு தளவிளைவு வெளிப்பட வேண்டும்.

யெர்க்கீசு வானாய்வகத்தைச் சேர்ந்த ஹில்ட்னரும், பின்னர் வாசிங்டன் கடற்படை வானாய்வகத்தில் பணியாற்றிய ஹாலும் இதனைத் தேடப் புறப்பட்டனர். டெக்சாசு மாநிலத்து மக்டொனால்டு வானாய்வகத்தின் 82 அங்குலத் தொலைநோக்கி ஹில்ட்னருக்குக் கிடைத்தது. தளவிளைவு கிடைத்தது, ஆனால் தேடியது கிடைக்கவில்லை. மறைப்பு நிகழும் வேளையில் மட்டும் தோன்ற வேண்டிய தளவிளைவு, மறைப்பு இல்லாத வேளையிலும் மாறாமல் இருந்தது!

இவ்விடத்தில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். எதிர்பார்த்த இடத்தில் எதிர்பாராத ஒன்று வந்தால் முதலில் ஐயுற வேண்டியது கருவியையே. ஆடியின் பூச்சு தளவிளைவை உண்டாக்கலாம்; உணர்கருவியின் மேற்பரப்பு உண்டாக்கலாம். ஆனால் கருவியின் குற்றமாயின் எல்லா விண்மீன்களிலும் அது ஒன்றுபோல் வர வேண்டும். அப்படி வரவில்லை. அருகிலுள்ள விண்மீன்களில் அது இல்லை. தொலைவிலிருந்து, இடைவெளித் தூசியால் சிவப்பேறி வரும் விண்மீன்களில் இருந்தது. வானின் ஒரே பகுதியில் உள்ளவை ஏறத்தாழ ஒரே திசையைக் காட்டின. ஆகவே அது விண்மீனுக்கும் உரியதன்று, கருவிக்கும் உரியதன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளிக்கு உரியது. 1949 பிப்ரவரியில் 'சயின்சு' இதழின் ஒரே வெளியீட்டில் ஹில்ட்னர், ஹால் இருவரின் கட்டுரைகளும் தனித்தனியே வந்தன. அதே ஆண்டில் சோவியத் நாட்டின் தொம்பிரோவ்சுகியும் தனியே இதனைக் கண்டறிந்தார்.

வெளியில் மிதக்கும் நீள்வடிவத் தூசுத் துகள்களைக் காந்தப்புலம் வரிசைப்படுத்துகிறது. வயலில் காற்றுக்கு ஒரே பக்கம் சாய்ந்த நெற்கதிர்களைப்போல என்று சொல்லலாம். அவ்வரிசையினூடே வரும் ஒளி ஒரு திசையில் சற்றுக் கூடுதலாகத் தடுக்கப்படுகிறது. டேவிசும் கிரீன்சுடைனும் 1951-இல் இவ்விளக்கத்தை முன்வைத்தனர். 1953-இல் சந்திரசேகரும் என்ரிக்கோ ஃபெர்மியும், அத்திசைகள் விண்மீனுக்கு விண்மீன் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை வைத்தே, நம் விண்மீன் மண்டலக் கரத்தின் காந்தப்புலத்தை ஏறத்தாழ ஏழு மைக்ரோகாசு என மதிப்பிட்டனர். தம் கணிப்பைத் தேடப்போய் வழியில் கிடைத்த பொருள், மீண்டும் சந்திரசேகரின் மேசைக்கே வந்து சேர்ந்தது.

கொடைக்கானலின் மூன்று ஆடிகள்

இனி நம் மலைக்கு வருவோம். கொடைக்கானல் வானாய்வகம் 1899 முதல் ஞாயிற்றை நோக்கி வருகிறது. அங்கே 1909-இல் ஜான் எவர்செட், கதிரவப் புள்ளிகளிலிருந்து வளிமம் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல், அப்புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதை, நிறமாலைக் கோடுகளின் தளவிளைவைக் கொண்டு நிறுவியிருந்தார். கொடைக்கானலில் அத்தகைய அளவீடு வேரூன்றியது 1960-களில், வைணு பாப்பு இயக்குநராய் இருந்த காலத்தில். பின்னாளில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநரான ஜே. சி. பட்டாச்சாரியா, அங்குள்ள கோபுரத் தொலைநோக்கியில் காந்தப்புலமானி ஒன்றை அமைத்து ஞாயிற்றின் புலங்களை அளந்தார்.

அக்கோபுரத் தொலைநோக்கியின் அமைப்பில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஞாயிறு நகரும், 18 மீட்டர் நீளமுள்ள நிறமாலைமானியை நகர்த்த முடியாது. எனவே கோபுரத்தின் உச்சியில் ஓர் ஆடி ஞாயிற்றைப் பின்தொடர்ந்து திரும்ப, இரண்டாம் ஆடி அவ்வொளியைக் கீழே இறக்க, மூன்றாம் ஆடி அதனைச் சுரங்கத்தினுள் கிடைமட்டமாகத் திருப்பும். மூன்றும் அலுமினியம் பூசியவை, மூன்றும் சாய்வானவை. சாய்ந்த உலோகப் பரப்பில் படும் ஒளிக்கு இரண்டு நேர்கின்றன. தளவிளைவு இல்லாத ஒளி சிறிது தளவிளைவைப் பெறுகிறது. ஏற்கெனவே தளவிளைவுற்ற ஒளியோ ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறிப்போகிறது. இன்னும் மோசம் என்னவென்றால், முதலிரு ஆடிகளின் சாய்வு காலை முதல் மாலை வரை மாறும். தை மாதத்துக்கும் ஆனி மாதத்துக்கும் மாறும். நிறமாலைமானியில் பதிவாகும் எண்ணில் ஞாயிற்றின் பங்கு எவ்வளவு, ஆடிகளின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காவிட்டால், ஞாயிற்றின் காந்தப்புலம் என்ற பெயரில் நாம் அளப்பது கோபுரத்து அலுமினியத்தைத்தான்.

1985-இல் பாலசுப்பிரமணியம், வெங்கடகிருஷ்ணன், பட்டாச்சாரியா மூவரும் இக்கேள்வியை மட்டுமே பொருளாகக் கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஞாயிற்றைப் பற்றிப் புதிதாக எதையும் அறிவிப்பதற்கு முன், தங்கள் கோபுரம் எவ்வாறு ஏமாற்றும் என்பதைக் கணக்கிட்டு எழுதிவைத்தார்கள். பலருக்கு இது சுவையற்ற வேலையாகத் தோன்றலாம். எங்களுக்கு இது, நூலுரைக்கு முன் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்துவைத்த பதிப்பாசிரியர்களின் உழைப்பை நினைவூட்டுகிறது. ஏடெழுதியவனின் கைப்பிழையைப் புலவனின் சொல்லாகக் கொள்ளாதிருக்க அவ்வுழைப்பு வேண்டும்.

காவலூரும் நெறிகளும்

சவ்வாது மலையின் காவலூரில் 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1986 சனவரியில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது. விண்மீன்களின் தளவிளைவை அளப்பதற்கென்றே கருவிகள் 1 மீட்டர் தொலைநோக்கிக்காகச் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று விண்மீனையும் அதன் அருகிலுள்ள வெற்று வானையும் மாறி மாறிப் பார்ப்பது. பின்னர் வந்த ஒன்று, மூன்று நிறப்பட்டைகளில் ஒரே சமயத்தில் அளப்பது. இத்தகைய கருவிகளோடு இரவைக் கழிப்போர் கடைப்பிடிக்கும் நெறிகளை, அவற்றின் காரணங்களோடு தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டையும் ஒரே கணத்தில் அள. விண்மீன் மினுக்குகிறது, மெல்லிய முகில் கடக்கிறது. ஒரு திசையை இப்போதும் மறு திசையை அடுத்த நொடியும் அளந்தால், முகிலின் மங்கலைத் தளவிளைவென்று எழுதிவிடுவோம். படிகத்தால் இரு தளங்களையும் பிரித்து ஒருங்கே அளந்தால், முகில் இரண்டையும் ஒரே விகிதத்தில் மங்கச் செய்யும், விகிதம் மாறாது. வளிமண்டலம் விண்மீனை நடுங்கச் செய்யுமே தவிர, அதன் நேரொளியின் தளத்தைப் பெரிதாகத் தொடுவதில்லை. தரையில் இருந்துகொண்டே இவ்வளவு நுட்பமாக அளக்க முடிவது இதனால்தான்.

இரண்டாவது, கற்றைகளை இடம் மாற்று. இரு கற்றைகளையும் வாங்கும் உணர்கருவிகள் ஒரே திறமுடையவை அல்ல. அரை அலைத் தகடு ஒன்றை 45 பாகை திருப்பினால் ஒளியின் தளம் 90 பாகை திரும்பும். முன்பு இடப்புறம் விழுந்தது இப்போது வலப்புறம் விழும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் உணர்கருவிகளின் ஏற்றத்தாழ்வு நீங்கும். எனவேதான் 0, 22.5, 45, 67.5 பாகை என்ற நான்கு நிலைகளும் ஒரே அளவீட்டின் நான்கு கால்களாகின்றன. ஒரு கால் குறைந்தால் நாற்காலி நில்லாது.

மூன்றாவது, ஒன்றுமில்லாத விண்மீனை முதலில் பார். நமக்கு அருகிலுள்ள பல விண்மீன்களுக்கு இடையே தூசி மிகக் குறைவு. அவற்றின் தளவிளைவு ஏறத்தாழச் சுழி. அவற்றை அளந்தும் ஓர் எண் வருமாயின் அது தொலைநோக்கியின் எண். அதனைக் குறித்துவைத்து மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழிக்க வேண்டும். ஆடிக்குப் புதுப்பூச்சு பூசினாலும் அதில் தூசு படிந்தாலும் இந்த எண் மாறும். ஆகவே ஒவ்வொரு நோக்கல் பருவத்திலும் மீண்டும் பார்க்க வேண்டும்.

நான்காவது, தெரிந்த விண்மீனால் திசையைச் சரிபார். தளத்தின் கோணம் வானின் வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி எண்ணப்படுவது. கருவியைப் பொருத்தும்போது வடக்கு எது என்று அது தானே அறியாது. இடைவெளித் தூசியால் நிலையான தளவிளைவு பெற்ற, எச்.டி. 183143 போன்ற விண்மீன்கள் இதற்குக் கல்நட்ட எல்லைகளாக உதவுகின்றன.

ஐந்தாவது, வானத்தைக் கழி, நிலவை அஞ்சு. நிலவொளி சிதறிய வானம் தானே தளவிளைவுற்றது. நிலவிலிருந்து 90 பாகை தள்ளிய இடத்தில் மிகுதி. மங்கிய விண்மீனை நிலவுநாளில் அளந்து, நிலவின் தளத்தை விண்மீனின் தளமென எழுதுவது மிக எளிது.

ஆறாவது, ஒளித்துகள்களை எண்ணிச் சேர். 0.1 விழுக்காடு நுட்பம் வேண்டுமாயின் ஏறத்தாழ 10 இலட்சம் ஒளித்துகள்கள் வேண்டும், 0.01 விழுக்காட்டுக்கு 10 கோடி. நுட்பம் பத்து மடங்கு கூட, பொறுமை நூறு மடங்கு கூட வேண்டும். இதில் குறுக்குவழி இல்லை.

ஏழாவது கணக்குப் பார்க்கும்போது வருவது; இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். தளவிளைவின் அளவு ஒருபோதும் எதிர்மறையாகாது. ஆகவே தளவிளைவே இல்லாத விண்மீனை அளந்தாலும், அளவீட்டின் தடுமாற்றமே ஒரு நேர்மறை எண்ணாக வந்து நிற்கும். இல்லாததை இருப்பதாகக் காட்டும் இச்சாய்வைத் திருத்திய பின்னரே முடிவு சொல்ல வேண்டும். கோணத்தையும் அப்படியே சராசரி எடுக்கலாகாது. 1 பாகையும் 179 பாகையும் ஏறத்தாழ ஒரே திசை. அவற்றின் சராசரியென 90 எழுதினால் முற்றிலும் குறுக்குத் திசையைச் சொன்னதாகும். சராசரி எடுக்க வேண்டியவை ஸ்டோக்சின் எண்களே. அளவும் கோணமும் இறுதியில் வருவிக்கப்படுபவை.

இவ்வேழையும் ஒருசேரப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. இவற்றுள் ஒன்றுகூட வானத்தைப் பற்றியது என்று முழுமையாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் நோக்குபவனையும் அவன் கருவியையும் பற்றியவை. தளவிளைவு அளக்கும் கலை என்பது, தன் கருவியைத் தானே முதலில் ஐயுறும் கலை.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

ஆய்வகம் எதுவும் வேண்டா. ஒரு சிறு தொலைநோக்கியும், தளவிளைவுக் குளிர்கண்ணாடியின் ஒரு வில்லையும் போதும். வளர்பிறை அட்டமியை ஒட்டிய மாலையில், ஞாயிறு மறையும் வேளையில் அரைநிலா ஏறத்தாழ உச்சியில் நிற்கும். அது ஞாயிற்றிலிருந்து 90 பாகை தள்ளியது. வானத்து நீலம் மிகுதியாகத் தளவிளைவுற்ற இடமும் அதுவே. கொள்ளிடக் கரையில் நின்று வில்லையைக் கண்முன் வைத்துச் சுழற்றினால், ஒரு நிலையில் வானம் இருண்டு நிலா எடுப்பாகத் தெரியும்; கால் சுற்றில் வானம் மீண்டும் வெளுக்கும். காற்றில் தூசும் புகையும் மிகுந்தால் இந்த வேறுபாடு குறையும். அரிசி ஆலைகள் நிறைந்த மண்ணச்சநல்லூரிலிருந்தும், மழை கழுவிய மறுநாளிலும், வேறொரு நாளிலும் பார்த்து ஒப்பிடலாம். கண்ணுக்குத் தெரியாத பண்பு ஒன்றைக் கண்ணாலேயே காணும் எளிய வாய்ப்பு இது.

இதே அரைநிலாவில் ஒரு பொறியும் இருக்கிறது. நிலவின் ஒளியும் அப்பருவத்தில் சில விழுக்காடு தளவிளைவுற்றிருக்கும். கரிய சமவெளிகளில் கூடுதல், வெளிறிய மேட்டுநிலங்களில் குறைவு. ஆனால் அந்திவானின் தளவிளைவும் நிலவினதும் ஒரே திசையில் அமைகின்றன. அந்தியில் அளந்தால் வானத்தின் பங்கும் நிலவின் கணக்கில் ஏறிவிடும். முற்றும் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும் என்பது ஐந்தாம் நெறியின் சிறு வடிவம்.

தொலைநோக்கியைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் 45 பாகை சாய்ந்த சிற்றாடி ஒன்று உண்டு. அது தானே சில விழுக்காடு தளவிளைவைச் சேர்க்கும், நிலவிடம் நாம் தேடும் அளவுக்கு ஒப்பாக. கொடைக்கானலின் மூன்று ஆடிகள் சிறு அளவில் நம் வீட்டு மாடியிலும் உள்ளன. ஒளி நேராகச் செல்லும் வில்லைத் தொலைநோக்கியே இதற்கு ஏற்றது. சாய்த்துப் பார்க்க உதவும் துணையாடியையும் கழற்றிவிட வேண்டும். ஞாயிற்றை மட்டும் இவ்வில்லையோடு ஒருபோதும் பார்க்கலாகாது. இருளச் செய்யும் எல்லாம் கண்ணைக் காப்பதில்லை.

எஞ்சிய கடன்

சந்திரசேகரின் கணிப்பு என்னாயிற்று? இடைவெளித் தூசியின் கண்டுபிடிப்பில் அது புதைந்துபோய்விடவில்லை. 1983-இல் கெம்பும் உடனுழைத்தோரும், ஒன்றையொன்று மறைக்கும் அல்கோல் இணையில், மறைப்பு வேளையில் மட்டும் தோன்றும் மிகச் சிறிய தளவிளைவைப் பதிவு செய்தனர். சமநிலை குலைய வேறொரு வழியும் இருந்தது. மிக வேகமாகச் சுழலும் விண்மீன் உருண்டையாக இராது, இடுப்புப் பருத்துத் தட்டையாகும். அப்போது விளிம்பின் பக்கங்கள் ஒன்றையொன்று முழுமையாகச் சமன்செய்யா. 1968-இல் ஹாரிங்டனும் காலின்சும் இதனைச் சுட்டிக்காட்டினர். 2017-இல் ஆத்திரேலியாவில் காட்டன், பெய்லி முதலியோர், சிம்ம இராசியின் மகம் விண்மீனில் இதனைக் கண்டனர். அவ்விண்மீன் நொடிக்கு ஏறத்தாழ 320 கிலோமீட்டர் வேகத்தில், சிதறிப்போகும் எல்லையின் 96.5 விழுக்காட்டில் சுழல்கிறது என்பதையும் அத்தளவிளைவே சொன்னது. அளந்த தளவிளைவோ பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகள் மட்டுமே. கணிப்புக்கும் இந்தக் காட்சிக்கும் இடையே 71 ஆண்டுகள். சந்திரசேகர் 1995-இல் மறைந்துவிட்டார்.

மகம் நம் முன்னோர் பெயரிட்டு வழிபட்ட விண்மீன். மாசி மாதத்து முழுநிலவு அதனருகே வரும் நாளில் குடந்தைக் குளக்கரையில் கூடியோர் கோடி. அவர்களுள் எவரும் அதன் தட்டை வடிவத்தைக் கண்டதில்லை, காணவும் இயலாது. அதன் ஒளியின் தளத்தில் எழுதியிருந்த அச்செய்தியைப் படிக்க, கருவியின் பிழையை பத்து இலட்சத்தில் சில பங்குகள் வரை கழித்துத்தள்ளக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை வர வேண்டியிருந்தது.

2024 சனவரி 1-ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்ட எக்சுபோசாட் செயற்கைக்கோளில், ஊடுகதிர்களின் தளவிளைவை அளக்கும் 'பாலிக்சு' என்னும் கருவி இருக்கிறது. அதனை உருவாக்கியது பெங்களூரின் இராமன் ஆராய்ச்சி நிறுவனம். கப்பல் தளத்தில் ஒரு பட்டகத்தைச் சுழற்றிய கையிலிருந்து, அவர் நிறுவிய ஆய்வகத்தின் விண்கருவி வரை நூறாண்டுகளைத் தாண்டிய தொடர்ச்சி இது. கருவிகள் மாறின, கேள்வி மாறவில்லை. நாம் காண்பது பொருளினதா, பார்க்கும் கண்ணாடியினதா? அக்கேள்வியைக் கேட்க இரவு வானம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் போதும். கொள்ளிடத்தின் வடகரையில் அத்தகைய இருட்டு இன்னும் எஞ்சியிருக்கும் இடங்களைத் தேடிப் பார்க்குமாறு வாசகர்களை அழைக்கிறோம்.